மெக்கானிக் அண்ணையின் கை

செபமாலைக்கு வயது அறுபத்துநான்கு. பிரெஞ்சு பேசும் வெளிநாட்டு நகரம் ஒன்றின் விளிம்பில், பியர்பொன்ட்ஸ், ரொக்ஸ்பரோப் பக்கம் இருக்கும் தமிழ்க் கத்தோலிக்கரில் பாதிப் பேருக்கு அவருடைய பெயரே தெரியாது; மெக்கானிக் அண்ணை என்றால் போதும். ஞாயிறு பூசை முடிந்து கோயில் படியை விட்டு இறங்கியதும் யாராவது ஒருவர் சாவிக்கொத்தோடு கார்த் திறப்பை ஆட்டிக்கொண்டு வருவார். செபமாலை கோட்டைக் கழற்றி மனைவி அக்னெஸின் கையில் கொடுத்துவிட்டுப் பொனற்றுக்குள் தலையை விடுவார். அந்தத் தலை அரை மணித்தியாலத்துக்கு வெளியே வராது.

"ஞாயிற்றுக்கிழமையில எண்டாலும் உங்கட சேட்டு வெள்ளையா இருக்கக்கூடாதோ?" என்று வீட்டுக்குப் போகும் வழியில் அக்னெஸ் கேட்பார். செபமாலை சிரித்துக்கொண்டு நடப்பார். அந்த நேரம் அவர் முகத்தில் இருக்கும் சந்தோசத்தைக் கெடுக்க அக்னெஸுக்கும் மனம் வராது.

மற்ற ஆறு நாளும் அவர் யார் என்று கேட்டால் சொல்ல அதிகம் இல்லை. பாண் சுடும் ஒரு தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் தட்டுக் கழுவினார். முதுகு பிடித்துக்கொண்ட பிறகு தட்டு அடுக்கினார். வந்த புதிதில் மெக்கானிக் வேலைக்குப் போகத்தான் நின்றவர். அதற்குத் தகுதி அட்டை ஒன்று எடுக்க வேண்டும். அட்டைக்குச் சோதனை, சோதனை பிரெஞ்சில். மூன்று மாதம் வகுப்புக்குப் போனார். தன்னுடைய உச்சரிப்பைக் கேட்டு வகுப்பில் இருந்த பெடியள் சிரிக்கிறார்கள் என்று சொல்லி நிறுத்திவிட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. இன்னொருவர் சொல்லத் தான் கேட்டுக்கொண்டிருப்பது அந்த மனிதருக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். ஆக, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் அவர் வாழ்ந்தார். மற்றதெல்லாம் சம்பளம்.

கைவேலை மட்டும் பொய்யில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் போகத் தடை இருந்தது. செபமாலை அப்போது குருநகரில் ஒரு கராஜில் வேலை. ஓடிய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஓட வைத்தவர்கள் செபமாலை போன்றவர்கள். எண்ணெயும் காற்றும் கலக்கிற காபரேற்றருக்குள் மண்ணெண்ணெய் பிசினாகப் படியும். எண்ணெய் போகிற சின்னப் பித்தளை ஜெற்றின் துளை அடைபட்டுப் போகும். புதுச் சாமான் கிடையாது. சைக்கிள் பிறேக் கேபிளை வெட்டி, அதில் ஒரு உருக்கு இழையை உருவி, துளைக்குள் விட்டு இரண்டு முறுக்கு முறுக்கினால் கார் மறுபடி ஓடும். துளை கொஞ்சம் பெருத்தாலும் குற்றமில்லை. மண்ணெண்ணெய்க்குப் பெரிய துளைதான் பிடிக்கும். ஐந்து வருடம், நாளுக்கு நாலைந்து தரம் செய்த வேலை. அப்படிப்பட்ட வேலையைக் கை மறக்காது. மூளையைக் கேட்டுக்கொண்டும் செய்யாது.

றெனோல்ட் அவருடைய சிநேகிதர். வந்த காலத்தில் பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரே அறையில் பாய் விரித்துப் படுத்தவர்கள். றெனோல்ட் ஒரு பள்ளிக்கூடத்தில் பராமரிப்பு வேலை செய்கிறார். அதிகம் கதைக்கமாட்டார். கோயில் திருவிழாவுக்குப் பூ, மெழுகுதிரி, சோடனை விளக்கு எல்லாம் பன்னிரண்டு வருடமாக அவர்தான் தேடித் தேடி வாங்குவார். அதில் அவருக்கு ஒரு சின்னப் பெருமை உண்டு. அதையும் வெளியே காட்டமாட்டார்.

போன வருடம் சித்திரை மாதம், பள்ளிக்கூடத்தில் இருந்து எப்போதோ ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவரிடமிருந்து றெனோல்ட் ஒரு பழைய கார் வாங்கினார். எழுபத்துமூன்றாம் ஆண்டு டொட்ஜ், பச்சை நிறம். பத்து வருடம் படங்குச் சீலையால் மூடிக் கிடந்தது. றெனோல்ட்டுக்கு ஒரே ஆசை, ஆடி மாதம் நகரத்துக்கு வெளியே இருக்கும் றிகோ மாதா கோயிலுக்குத் தமிழ்ச் சனம் யாத்திரை போகும் நாளில் அந்தக் காரில் போய் இறங்க வேண்டும். காபரேற்றரைத் திருத்தப் புதுச் சாமான் அடங்கிய கிற் ஒன்றை இன்ரநெற்றில் வாங்கி வைத்துவிட்டுச் செபமாலையைக் கூப்பிட்டார்.

செபமாலை பியர்பொன்ட்ஸில் இருக்கும் றெனோல்ட்டின் வீட்டுக் கராஜுக்குப் புதுமாப்பிள்ளை மாதிரித்தான் போனார். காபரேற்றரைக் கழற்றி, மேசையில் பழைய பேப்பர் விரித்து, ஒவ்வொரு துண்டாகப் பிரித்து வைத்தார். கிற்றுக்குள் ஒரு கடதாசி மடித்துக் கிடந்தது. றெனோல்ட் அதை விரித்து வாசிக்கத் தொடங்கினார்.

"மச்சான், இதில என்னவோ போட்டிருக்கிறாங்கள்..."

"கடதாசி பாத்தோ நான் கார் திருத்திறது? தா இஞ்ச." செபமாலை கடதாசியைப் பறித்துக் கையைத் துடைத்து மூலையில் எறிந்தார்.

காஸ்கெற் புதிது, ஊசி புதிது, ரப்பர் எல்லாம் புதிது. ஜெற் மட்டும் பழையது; கிற்றில் ஜெற் வரவில்லை. செபமாலை அதைக் கழுவும் மருந்தில் ஊறப்போட்டார். பிறகு தன்னுடைய பெட்டிக்குள் இருந்து கேபிள் இழையை எடுத்து, துளைக்குள் விட்டு இரண்டு முறுக்கு முறுக்கினார். ஊதிப் பார்த்தார். திருப்தி.

கார் ஸ்ராற் ஆனது. றெனோல்ட் கைதட்டினார். அடுத்த நிமிடமே எஞ்சின் இருமத் தொடங்கியது. மிதிக்காமல் விட்டால் ஸ்லோவில் ஓட மறுத்தது. மிதித்தால் ஒரு கணம் மூச்சடைத்து, பிறகு குதித்தது. பின்னால் கறுப்புப் புகை. கராஜ் முழுக்கப் பெற்றோல் மணம்.

"சரிவரும். கன காலம் கிடந்த கார் எல்லே," என்றார் செபமாலை.

சரிவரவில்லை. வைகாசியும் ஆனியும் அந்தக் காரோடு போயின. ரைமிங்கைப் பார்த்தார். பிளக்குகளைக் கழற்றினார், ஆறும் கரி பிடித்துக் கிடந்தன. புதுசு போட்டார், மூன்றாம் நாள் அவையும் கரி. எங்கேயாவது காற்று இழுக்கிறதோ என்று சவர்க்காரத் தண்ணீர் தெளித்துப் பார்த்தார். சோக்கைத் தளர்த்தினார். பெற்றோல் தேவைக்கு மேலே போகிறது என்பது அவருக்கு விளங்கிவிட்டது. எதனால் போகிறது என்பதுதான் பிடிபடவில்லை. காபரேற்றரை நாலு தரம் திறந்தார். மிதவையின் உயரத்தை நாலு தரமும் அளந்தார். நாலு தரமும், திறந்ததுதான் திறந்தோம் என்று, ஜெற்றுக்குள் கம்பியை விட்டு இரண்டு முறுக்கு முறுக்கிச் சுத்தமாக்கினார். நோய்க்கு வந்த வைத்தியரே அதை வளர்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தரமும் கார் முன்பிருந்ததைவிட மோசமாக ஓடியது. எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட மனிதருக்குத் தன் கையைச் சந்தேகப்படத் தோன்றவில்லை.

"உந்த ஊசியில எனக்கு நம்பிக்கை இல்லை. எங்க வாங்கினனி?" என்று ஒருநாள் கேட்டார்.

"நெற்றில. நல்ல கடை எண்டுதான் எழுதியிருந்தது."

"ம்," என்றார் செபமாலை. அந்த ஒரு 'ம்'மில் அவருக்குப் பெரிய ஆறுதல் கிடைத்தது.

ஆடி மாதம் வந்தது. கார் இன்னும் சரியில்லை என்று றெனோல்ட்டுக்குத் தெரியும். "அடுத்த வருசம் கொண்டுபோவம்," என்றார். செபமாலை விடவில்லை. தான் கை வைத்த கார் கராஜுக்குள் கிடக்கிறது என்று நாலு பேர் கதைப்பார்கள் என்ற பயம் அவருக்கு. இரண்டு குடும்பமும் ஏறிப் புறப்பட்டார்கள். நாற்பதாம் இலக்க ஹைவேயில் கார் புகை கக்கிக்கொண்டே ஓடியது, ஆனாலும் ஓடியது. றிகோவில் கோயிலுக்கு ஏறும் வீதியில் கார்கள் வரிசை கட்டி நின்றன. ஊர்ந்து ஊர்ந்து போக வேண்டும். அங்கேதான் அது மானத்தை வாங்கியது. இருமியது, உதறியது. செபமாலை சொல்ல றெனோல்ட் மிதித்தார். வெள்ளை உடுப்போடு ஜெபம் சொல்லிக்கொண்டு நடந்துபோன சனத்தின் மேல் கார் ஒரு பாட்டம் கறுப்புப் புகையை விட்டுவிட்டு நின்றுபோனது. பிறகு அசையவே இல்லை. பத்துப் பேர் சேர்ந்து தள்ளித்தான் அதை ஓரமாக்கினார்கள்.

தள்ளியவர்களில் கிறகரியும் ஒருவர். கோயில் சபையில் எதற்கும் முன்னுக்கு நிற்கிறவர், வாய் ஓயாதவர். கையைத் தட்டிக்கொண்டே, "என்ன மெக்கானிக் அண்ணை, உங்கட கை பட்ட காரோ இது?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

செபமாலைக்குக் காது சூடேறியது. இருபத்தாறு வருடத்துத் தட்டுகளும் அந்தச் சிரிப்பில் கிலுகிலுத்தன. "கை சரிதான்," என்றார். "சாமான்தான் சரியில்லை. மலிவுக்குக் கிற் வாங்கிக் கொண்டந்து தந்தவரைக் கேளுங்கோ."

சிரிப்பு அப்படியே திரும்பி றெனோல்ட்டின் பக்கம் போனது. றெனோல்ட் கார்க் கதவைச் சாத்தினார். தண்ணீர்ப் போத்தலைத் திறந்து ஒரு வாய் குடித்தார்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. செபமாலை விடவில்லை. கதை நன்றாக எடுபடுகிறது என்று கண்டதும் ஒவ்வொரு ஞாயிறும் அதைச் சொல்லிச் சொல்லி மெருகேற்றினார். கிற்றைத் திறந்த உடனே தனக்குத் தெரியும் என்றார். எச்சரித்தேன், கேட்கவில்லை என்றார். வாய் கூசாமல் சொன்னார். இரண்டு மாதத்தில் அதை அவரே நம்பவும் தொடங்கிவிட்டார். றெனோல்ட்டுக்கு 'மலிவுக் கிற்' என்று பெயர் ஒட்டிக்கொண்டது. கோயில் மண்டபத்துக்கு அவர் கேக் கொண்டுவந்தால், "இதுவும் நெற்றிலயோ அண்ணை?" என்று கேட்டார்கள். ஆவணியில் நடந்த சபைக் கூட்டத்தில் திருவிழாச் சாமான் வாங்கும் பொறுப்பைக் கிறகரிக்கு மாற்றினார்கள். பகிடியாகத் தொடங்கிய பேச்சு அப்படியே தீர்மானமாகிவிட்டது. ஒருவரும் றெனோல்ட்டிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. செபமாலை அந்தக் கூட்டத்தில் இருந்தார். கொஞ்சம் குறுகுறுத்தது. பிறகு தேத்தண்ணி வந்தது.

புரட்டாதியில் ஒரு சனிக்கிழமை, சென் ஜோன் வீதியில் செபமாலை பஸ்ஸுக்கு நின்றார். சிவப்பு விளக்கில் பச்சை நிற டொட்ஜ் வந்து நின்றது. உள்ளே றெனோல்ட். புகை இல்லை, உதறல் இல்லை. ஸ்லோவில் எஞ்சின் நூல் பிடித்தாற்போல ஓடியது. பச்சை விழுந்ததும் கார் வழுக்கிக்கொண்டு போனது. றெனோல்ட் அவரைக் காணவில்லை.

செபமாலை கார் போன திசையில் இரண்டு அடி நடந்தார். யாரோ வெள்ளைக்காரனிடம் கொண்டுபோய்க் கொடுத்துத் திருத்தியிருக்கிறான் என்று நினைத்தார். வந்த பஸ்ஸை விட்டுவிட்டு, எதிர்ப்பக்கம் போகிற பஸ்ஸில் ஏறி நேரே றெனோல்ட்டின் வீட்டுக்குப் போனார். கராஜ் கதவு திறந்திருந்தது.

"ஆரிட்டக் குடுத்துத் திருத்தினனி?" வணக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை.

"ஒருத்தரிட்டயும் இல்லை. உள்ள வா."

"பொய் சொல்லாத. அவன் என்ர வேலையைப் பற்றி என்ன சொன்னவன்? சொல்லு!"

றெனோல்ட் மேசை லாச்சியைத் திறந்து இரண்டு பித்தளை ஜெற்றுகளை எடுத்தார். ஒன்றின் துளையில் கரி. மற்றது மினுங்கியது. "உன்ரயைக் கழட்டி வைச்சிருக்கிறன். மினுங்கிறது புதுசு, கூட ஒண்டு வாங்கினது. அதே மாதிரி ஒண்டுதான் இப்ப காருக்குள்ள கிடக்கு. வேற ஒண்டும் மாத்தேல்லை மச்சான். அதே கிற்தான்."

செபமாலை இரண்டையும் யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டிலும் ஒரே அளவு இலக்கம் அடித்திருந்தது. புதியதில் ஊசி முனை அளவு, சுத்த வட்டமாய்த் துளை. பழையதில் துளை அகன்று, ஒரு பக்கம் இழுபட்டுக் கிடந்தது. அவருக்கு ஒருவரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. அந்தத் துளையை அவருக்குத் தெரியும். குருநகரில் ஆயிரம் தரம் பார்த்த துளை அது. மண்ணெண்ணெய்க்கான துளை.

"கிற்றோட வந்த கடதாசியில முதல் வரியே அதுதான்," என்றார் றெனோல்ட். "ஜெற்றுக்குள்ள கம்பி விடவேண்டாமெண்டு. அண்டைக்குச் சொல்ல வந்தனான். நீ கேக்கேல்லை."

"எப்ப கண்டுபிடிச்சனி?"

"றிகோவால வந்து அடுத்த கிழமை. கடதாசியைக் கராஜ் மூலையில இருந்து எடுத்து வாசிச்சனான்."

"அப்ப ரண்டு மாசமாத் தெரியும். நான் ஊரெல்லாம் கதைச்சுக்கொண்டு திரியிறன். நீ வாய் திறக்கேல்லை. ஏன்ரா?"

றெனோல்ட் ஜெற்றுகளை வாங்கி மேசையில் வைத்தார். "சொல்லியிருக்கலாம். சொன்னாப் பிறகு ஞாயிற்றுக்கிழமையில நீ என்ன செய்வாய்?"

செபமாலை பழைய ஜெற்றைத் திரும்ப எடுத்து விரலிடையில் உருட்டினார்.

"சனத்தின்ர பகிடியை நான் தாங்குவன் மச்சான். உன்னால ஏலாது. அதுதான் காரையும் கோயில் பக்கம் கொண்டுவாறேல்லை."

அடித்திருந்தால் செபமாலை திருப்பி அடித்திருப்பார். ஏசியிருந்தால் இரண்டு மடங்கு ஏசியிருப்பார். இதற்கு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. தன்னைப் பார்த்து ஒருவன் இரண்டு மாதமாக இரக்கப்பட்டிருக்கிறான் என்பதை அவரால் விழுங்க முடியவில்லை. அதைவிட, அந்த இரக்கத்துக்குத் தான் எத்தனை ஞாயிறு பகிடியால் பதில் கொடுத்தார் என்று நினைக்க அவமானமாக இருந்தது.

"நாளைக்குக் காரைக் கோயிலுக்குக் கொண்டா," என்றார் கடைசியில். "எல்லாருக்கும் முன்னால நான் சொல்லுறன். பிழை என்ர கையிலதான் எண்டு."

"வேண்டாம். விடு."

"விடமாட்டன். நீ கொண்டா."

அன்று இரவு அக்னெஸிடம் எல்லாவற்றையும் சொன்னார். அக்னெஸ் கோப்பைகளைக் கழுவி வைத்தார். பிறகு, "சொல்லுறதெண்டா ஒழுங்காச் சொல்லுங்கோ. பாதியில நிப்பாட்டாதேங்கோ," என்றார்.

ஞாயிறு பூசை முடிந்து சனம் வெளியே வந்தபோது டொட்ஜ் கோயில் வளவில் நின்றது, எஞ்சின் ஓடியபடி. சத்தமே இல்லாமல் ஓடிய அந்தக் காரைச் சுற்றிக் கூட்டம் கூடியது. செபமாலை முன்னுக்குப் போய் நின்றார். கையில் பழைய ஜெற்.

"எல்லாரும் ஒருக்காக் கேளுங்கோ," என்றார். "இந்தக் காருக்கு நடந்த பிழை என்ர பிழை. கிற் நல்ல கிற். நான்தான் இந்த ஓட்டைக்குள்ள கம்பியை விட்டுப் பெரிசாக்கினனான். றெனோல்ட்டில ஒரு குற்றமும் இல்லை. நான் சொல்லித் திரிஞ்சதெல்லாம் பொய்."

ஜெற் கைக்குக் கை மாறியது. துளையை உற்றுப் பார்த்தார்கள். அவர்கள் கண்ணுக்கு அது வெறும் துளை; பெரிதா சிறிதா என்று யாருக்குத் தெரியும்?

கிறகரிதான் முதலில் வாய் திறந்தார். "பாத்தியளே மனுசனை!" என்றார் உருகிப்போய். "தறுதலைக் காரை உயிர் குடுத்துத் திருத்தியும் குடுத்துப்போட்டு, சிநேகிதனுக்காகப் பழியையும் தன்ர தலையில போடுறார்."

யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லாரும் தட்டினார்கள்.

"இல்லை, இல்லை. நான் திருத்தேல்லை. றெனோல்ட்தான் திருத்தினது!"

"சரி அண்ணை, சரி. எங்களுக்கு விளங்குது," என்றார் கிறகரி. பூசை வைத்த சுவாமி வந்து செபமாலையின் தோளில் கை வைத்து, "பெரிய மனசு," என்றார். வயதான ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இன்னொருவர் றெனோல்ட்டைப் பார்த்து, "நீங்கள் குடுத்து வைச்சனீங்கள். இனியாவது நல்ல சாமானா வாங்குங்கோ," என்றார். நல்ல சிரிப்பு எழுந்தது.

"றெனோல்ட், நீ சொல்லு! நீயாவது சொல்லு!" என்றார் செபமாலை.

றெனோல்ட் கார்க் கதவில் சாய்ந்து நின்றார். "நீ சொல்லியே நம்பாத சனம் நான் சொன்னா நம்புமோ மச்சான்?" என்றார் மெதுவாக. "பழிக்குத் தப்பப் பாக்கிறான் எண்டுதான் சொல்லுவினம்." காருக்குள் ஏறினார்.

செபமாலை இன்னொரு தரம் சொல்லியிருக்கலாம். அடித்தொண்டையில் கத்தியிருக்கலாம். காருக்கு முன்னால் போய் நின்று மறித்திருக்கலாம். அக்னெஸ் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நேரம் கிறகரி தன்னுடைய வான் வண்டியின் திறப்பை நீட்டி, "அண்ணை, முன் சில்லுப் பக்கம் ஒரு சத்தம். ஒருக்காப் பாருங்கோவன்," என்றார். செபமாலையின் கை தானாக நீண்டு திறப்பை வாங்கியது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கத்தைவிட நிம்மதி பெரிதாக இருந்தது. அது தனக்கே தெரிந்ததுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது. வானுக்குக் கீழே படுத்துக்கொண்டார். டொட்ஜ் வளவை விட்டு வெளியேறும் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு றெனோல்ட் அந்தக் கோயிலுக்கு வரவில்லை. நகரத்துக்குள் வேறு எங்கேயோ பூசைக்குப் போகிறார் என்று சொன்னார்கள். ஏன் வருவதில்லை என்று யாரோ கேட்டபோது கிறகரி விளக்கம் சொன்னார்: "செபமாலை அண்ணையின்ர முகத்தைப் பாக்க வெக்கமாக்கும்." செபமாலை பக்கத்தில்தான் நின்றார். அவர் ஒன்றும் சொல்லவில்லை.